களத்து மேட்டில் ஏறும் ரத்தக் கொதிப்பு

2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலும் டெல்டா மாவட்டங்களில் நாளிதழைப் பிரித்தவர்களுக்கு அந்தச் செய்தி மறந்திருக்காது. கருகிய சம்பாப் பயிரைப் பார்த்த விவசாயி வயலிலேயே மயங்கி விழுந்து இறந்தார். அடுத்த நாள் வேறு ஊர், வேறு வயது, அதே செய்தி. ஒருவர் வரப்பில் சரிந்தார். இன்னொருவர் வயலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று மாவட்டங்களிலும் இப்படி.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை 168 மில்லிமீட்டரோடு நின்றுபோனது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை அது ஐந்தாவது ஆண்டாகப் போயிருந்தது. மேட்டூர் அணை செப்டம்பர் 20-ம் தேதிதான் திறந்தது. அந்தத் தண்ணீரையும் மழையையும் நம்பி விதைத்த சம்பாவும் கண்ணெதிரே காய்ந்தது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்தியை வைத்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10-ம் தேதி, அப்போதைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மற்ற சாவுகள் என்ன கணக்கில் போயின? ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் அரசு வைத்த வாதம், வறட்சியால் யாரும் சாகவில்லை, சொந்தக் காரணங்களால்தான் இறந்தார்கள் என்பது.

மாரடைப்பு ஒரு சொந்தக் காரணமா? இத்தனை ஆண்டுகள் கடந்தும் இந்தக் கேள்விக்கு நேரான பதில் யாரும் சொல்லவில்லை. விவசாயச் சங்கங்கள் வறட்சி கொன்றது என்றன. அதிகாரிகள் நோய் கொன்றது என்றார்கள். ஏதோ இரண்டும் வேறு வேறு பாதையில் வந்து சேரும் எமன்கள் என்பதுபோல. மருத்துவம் இவ்வளவு காலமாகச் சேர்த்து வைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், வறட்சியா நோயா என்று பிரித்துக் கேட்பதே பிசகு என்றுதான் தோன்றுகிறது. கடனும் காத்திருப்பும் ஒரு மனிதரின் ரத்தக் குழாய்க்குள் எப்படி இறங்குகின்றன என்பது இன்று ஓரளவு தெரிந்த விஷயம். தெரிந்தும் அதை மருத்துவமனை வாசலோடு நிறுத்திவிடுகிறோம், வயல் வரைக்கும் கொண்டுவருவதில்லை.

இரண்டு மணி நேரம்

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில் விளக்கியது இன்றும் அடிப்படைப் பாடம். கோபமோ பயமோ, ஆபத்து என்று மூளைக்குப் பட்ட மாத்திரத்தில் அட்ரினல் சுரப்பிகள் முடுக்கிவிடப்படுகின்றன. அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சர்க்கரை ஏறுகிறது, அடிபட்டால் சீக்கிரம் உறைய வேண்டும் என்று ரத்தம்கூடத் தயாராகிவிடுகிறது. சற்று முன் 120 இருந்த பிரஷர் 160-ஐத் தாண்டலாம். புலி துரத்தினால் ஓடுவதற்கான ஏற்பாடு இது. புலி போய்விட்டால் சில நிமிடங்களில் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிடும். வாய்க்கால் தகராறில் கத்திவிட்டு வந்தவருக்கு அந்த நேரத்தில் பிரஷர் ஏறியிருக்கும். அதனால் அவர் பிரஷர்காரர் ஆகிவிட மாட்டார். ரத்தக் கொதிப்பு என்ற நோய், உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போதும் அளவு 140-க்கு 90-ஐ விட்டு இறங்காமல் நிற்பது.

ஆனால் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்து, பல ஆண்டுக் கொதிப்பால் விறைத்துப்போன ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். படிந்த இடம் வெடிக்கிறது, அதன்மேல் ரத்தம் உறைகிறது, இதயத் தசைக்குப் போகும் வழி அடைபடுகிறது. 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கிய அன்று, இதயக் கோளாறால் திடீரென்று இறந்தவர்கள் 24 பேர். அதற்கு முந்தைய நாட்களின் சராசரி ஐந்துக்கும் குறைவு. இடிந்து விழுந்த கட்டடத்தில் சிக்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கடும் கோபத்துக்குப் பிறகான இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் அது 21 மடங்கு வரை போகிறது என்றது 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு. மடங்கு பெரிதாக இருந்தாலும், நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு இதன் ஆபத்து மிகச் சிறியது. ஏற்கெனவே குழாய் கெட்டவருக்குத்தான் அது எமனாகிறது.

இனி நம் மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள். 2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். மூன்று பேரில் ஒருவருக்கு நோய். அந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 93 பேர் கட்டுப்பாட்டுக்கு வெளியே. இந்த வீதத்தை மனதில் வைத்துக்கொண்டு 2016 டிசம்பரின் வரப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். கருகிய பயிரின் முன்னால் நின்ற ஐம்பது, அறுபது வயதுக்காரர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் கொதிப்போடு நின்றிருப்பார்கள்! ஒவ்வொரு சாவுக்கும் காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் இருந்ததால் வறட்சிக்குப் பங்கில்லை என்று வாதாடுவது, தள்ளிவிட்டவனை விட்டுவிட்டுக் கிணற்றைக் குற்றம் சொல்வது.

மெல்ல ஏறுவது

இதுவரை சொன்னது திடீர்ச் சாவின் கதை. அதைவிடப் பெரியது, ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறி உட்கார்ந்துகொள்ளும் கொதிப்பின் கதை. கவலைப்பட்டுக்கொண்டே இருந்தால் பிரஷர் நிரந்தரமாக வந்துவிடுமா? இங்கே அறிவியல் ஒரே குரலில் பேசவில்லை.

1995-ல் ஜப்பானின் கோபே நகரை ஒட்டி நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதிர்ச்சியில் ஏறிய பிரஷர் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இறங்கிவிட்டது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடையத் தொடங்கியிருந்தவர்களுக்கு இறங்கவில்லை. இதில் பெரிய செய்தி இருக்கிறது. மன அழுத்தம் நீடித்தால் நரம்புகளும் கார்டிசால் முதலான சுரப்புகளும் சேர்ந்து சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கச் சொல்கின்றன. உடலில் உப்பும் நீரும் தேங்கினால் ரத்தத்தின் அளவு கூடும், அழுத்தம் ஏறும். நல்ல சிறுநீரகம் ஒரு கட்டத்தில் அதைக் கழித்துவிடும். கெட்டது கழிக்காது. ஆக, மனம் தள்ளிவிடுகிறது, சிறுநீரகம் பிடித்துக்கொள்கிறது.

இத்தாலியில் ஒரு மடத்தின் 144 கன்னியாஸ்திரிகளையும், வெளியுலகில் வாழ்ந்த 138 பெண்களையும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரு தரப்பும் சாப்பிட்ட உப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்கும் வயது ஏறியது, உடம்பும் போட்டது. வெளியில் இருந்த பெண்களுக்கு வயதோடு பிரஷரும் ஏறியது. மடத்துக்குள் இருந்தவர்களுக்கு ஏறவில்லை. அமைதியும் ஒழுங்கான நாளும் அவர்களைக் காத்தன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம் ஊர்ப் பெண்ணை மடத்துக்கு அனுப்ப முடியாது, ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்து தூங்கப்போவது எவ்வளவு பெரிய மருந்து என்பதை இந்த ஆய்வு சொல்கிறது.

2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாய்ச்சி ஷிம்போ குழுவினர் ஆரோக்கியமான 280 பேரை வைத்துச் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. சிலரை, தங்களுக்குக் கோபமூட்டிய பழைய சம்பவத்தை 8 நிமிடங்கள் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நினைத்துப் பார்த்ததற்கே அவர்களின் ரத்தக் குழாய்கள் விரியும் திறன் குறைந்து, 40 நிமிடங்கள் வரை அந்தப் பாதிப்பு நின்றது. துக்கத்தையும் பதற்றத்தையும் நினைத்தவர்களிடம் அவ்வளவு தெளிவான மாற்றம் தெரியவில்லை. வாய்விட்டுக் கத்தவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. உட்கார்ந்த இடத்தில் நினைத்தார்கள், அவ்வளவுதான். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து, பாக்கி கேட்டு வாசலில் நின்றவன் சொன்ன வார்த்தையை நூறு தடவை நினைத்துப் பார்ப்பவரின் குழாய்க்கு என்ன ஆகும் என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜான் ஹென்றியும் குத்தகைக்காரரும்

இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, டெல்டாவுக்கு மிக நெருக்கமாக எனக்குப் பட்டவர் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் வாழ்ந்த ஒரு கறுப்பின விவசாயி. 1907-ல் பிறந்த ஜான் ஹென்றி மார்ட்டின். வாரத்துக்குப் பயிர் வைக்கும் ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. படிக்கவும் எழுதவும் தானாகவே கற்றுக்கொண்டார். கடன் வாங்கி நிலம் வாங்கினார். 40 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய கடனை இரவு பகலாக உழைத்து 5 ஆண்டுகளில் அடைத்தார். நாற்பது வயதில் 75 ஏக்கருக்குச் சொந்தக்காரர். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு ரத்தக் கொதிப்பு, மூட்டு வாதம், வயிற்றுப்புண். புண் முற்றி, இரைப்பையில் ஏறக்குறைய பாதியை அறுத்தெடுக்க வேண்டிவந்தது.

1970-களில் அவரைச் சந்தித்துப் பேசிய ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளருக்கு அந்தக் கதை ஒரு கருத்தைத் தந்தது. கையில் வசதி இல்லாதவர், எவ்வளவு பெரிய இடையூறு வந்தாலும் என் உழைப்பால் ஜெயித்துவிடுவேன் என்று விடாமல் மோதிக்கொண்டே இருந்தால், அந்த மோதலுக்கு அவர் உடம்பு விலை கொடுக்கிறது. வசதியுள்ளவர் அதே பிடிவாதத்தோடு உழைத்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. அந்த விவசாயியின் பெயரையே கொண்ட கறுப்பின நாட்டுப்புறக் கதை நாயகனை நினைத்து 'ஜான் ஹென்றிசம்' என்று அதை அழைத்தார். 1983-ல் அதை முதன்முதலாக அளந்து பார்த்த ஆய்வு வந்தது. பின்னாளில் எல்லா நாட்டிலும் எல்லா ஆய்விலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஒரு நாள் சுற்றியவருக்கு இந்த மனிதரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்துச் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டா அவர் பெயரில் இருக்காது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் கேட்டால் காகிதம் கேட்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் வேண்டும், விதைப்புச் சான்று வேண்டும். அதனால் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது, மிச்சத்துக்கு வட்டிக்காரர். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும், நிவாரணம் வந்தாலோ பட்டாதாரர் பேரில் வரும். இத்தனைக்கும் நடுவில் அவர் சொல்வது என்ன? "இந்த சம்பா மட்டும் கைக்கு வந்துட்டா எல்லாத்தையும் திருப்பிடலாம்." அந்த வாக்கியத்தை டெல்டாவில் கேட்காத டீக்கடை இல்லை. ஊரே பாராட்டும் வைராக்கியம் அது. அந்த வைராக்கியத்தால்தான் நமக்குச் சோறு. அதே வைராக்கியம்தான் ஒரு நாள் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்கிறது.

இதோடு தண்ணீரின் நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்க வேண்டும் என்பது டெல்டாவின் நாள்காட்டி. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் திறக்கவில்லை. 2020-ல் திறந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தது. 2023-ல் உரிய நாளில் திறந்தாலும் குறுவை முடியும் முன்பே தண்ணீர் தட்டி, ஏராளமான வயல்கள் காய்ந்தன. 2024-ல் ஜூலை 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாள். அங்கிருந்து கோட்டூர், தலைஞாயிறு, வேதாரண்யம் என்று கடைமடைக்கு எப்போது வரும் என்பது வாய்க்காலில் தூர் எடுத்ததைப் பொறுத்தது, மேல்மடைக்காரரைப் பொறுத்தது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கு 404.25 டிஎம்சி என்று முடிவாகச் சொன்னது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்ற முடிவை விவசாயி தனியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு வேலை என்பதைவிட, அந்த வேலையின் பலன் எவ்வளவு தூரம் நம் கையில் இருக்கிறது என்பதுதான் உடம்பைப் பாதிக்கிறது என்று மன அழுத்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. டெல்டா விவசாயிக்கு உழைப்பு மட்டும்தான் அவர் கையில்.

மூன்று ராத்திரி

ஐப்பசி மாதம், குறுவை அறுவடை முடிந்த நேரம். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, சாலையின் ஒரு பாதியை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. விடிகாலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. படுதாவை விலக்கி, குவியலின் அடிநெல்லைக் கையால் அள்ளிப் பார்த்தார் அறுபதை ஒட்டிய ஒருவர். முளை விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு மணியாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கைப்பிடியைத் துண்டில் முடிந்துகொண்டு உள்ளே போனார். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் நெல்லைக் கொட்டி மூடினார்கள். எண் ஓடி நிற்கும் வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். 19-க்குப் பக்கத்தில் நின்றது. யாரும் யாரையும் திட்டவில்லை. "வெயில் வரட்டும்ங்க, காயவச்சுட்டு வாங்க" என்றார் உள்ளே இருந்தவர். இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"ஏன் மாமா, மாத்திரை போட்டியளா?" என்று கேட்டார், பக்கத்துக் குவியலைக் காவல் காத்துக்கொண்டிருந்த இளைஞர்.

"வீட்டுல இருக்கு மாப்ள. நெல்லு இங்க கெடக்கையில நா எங்கேருந்து வீட்டுக்குப் போறது? மூணு ராத்திரியா இங்கதான்."

மன அழுத்தம் ரத்தக் கொதிப்பாக மாறும் வழி என்று பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுவதெல்லாம் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று ராத்திரி சரியான தூக்கம் இல்லை. தூக்கம் கெட்டால் இரவில் இயல்பாகத் தணிய வேண்டிய பிரஷர் தணியாது. சாப்பாடு டீக்கடையில், அதாவது பஜ்ஜியும் பரோட்டாவும், வீட்டிலிருந்து வந்தால் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும். உப்புக்குக் குறைவே இல்லை. உடம்பு வலிக்கும் மனக் கசப்புக்கும் சாயங்காலம் சிலருக்குக் குவார்ட்டர். எல்லாவற்றுக்கும் மேல், மாத்திரை நின்றுபோகிறது. எந்த வாரத்தில் அவருக்கு மாத்திரை மிகவும் தேவையோ, அந்த வாரத்தில்தான் அது நிற்கிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நாடித் துடிப்பும் பிரஷரும் முன்பைவிடத் துள்ளி எழலாம், இதய நோய் உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அதை அவருக்கு யார் சொன்னார்கள்?

உணர்ச்சியிலிருந்து நோய்க்குப் போகும் பாதையில் பாதி தூரம் நரம்பும் சுரப்பியும். மீதிப் பாதி இந்தத் தூக்கமும் உப்பும் சாராயமும் விட்டுப்போன மாத்திரையும்தான். முதல் பாதியை மாற்றுவது கடினம். இரண்டாவது பாதியில் நாம் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

பெண்களின் கதை வேறு மாதிரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் பெரும்பாலும் குழுக் கடனில் இருப்பவர்கள். வாரம் தவறாமல் தவணை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. கூரை இல்லாத வீட்டு வாசலில் தவணை கேட்டு ஆள் வந்து உட்கார்ந்ததை எதிர்த்துப் பெண்கள் அப்போது போராடினார்கள். மற்ற நாட்களில் வந்தவனைப் பார்த்துக் கத்தவும் முடியாது, குழுவில் மற்ற பெண்களுக்கு முன்னால் தலைகுனியவும் முடியாது. விழுங்கிக்கொள்வதுதான் வழி. அடக்கிய கோபமே ரத்தக் கொதிப்பாகிறது என்று 1939-லேயே எழுதியவர் மனப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர். அவர் சொன்ன அளவுக்கு அது நேர்கோடு இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. 3,308 இளம் அமெரிக்கர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், பொறுமையின்மையும் பகைமை உணர்ச்சியும் மிகுந்தவர்களுக்கே பின்னாளில் ரத்தக் கொதிப்பு அதிகம் வந்தது. கவலைக்கும் மனச்சோர்வுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. கத்துவதா அடக்குவதா என்பதைவிட, அந்தக் கோபம் எத்தனை நாள் உள்ளே குடியிருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மனதுக்கும் கொதிப்புக்கும் உறவு உண்டு என்பதை நம் நாட்டு வைத்தியம் மூலிகை வழியாகவே தொட்டிருக்கிறது. சிவன் அமல்பொடி என்று நாம் சொல்லும் சர்ப்பகந்தியைப் பற்றி 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் போஸ் இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை, அதைச் சித்தப்பிரமைக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்குமான மருந்தாக ஒரே மூச்சில் அறிமுகப்படுத்தியது. 1949-ல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதியபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. பிரஷருக்கு ரெசர்பைன் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகச் செய்திகள் வந்தன. மூளையில் சுரக்கும் ரசாயனங்கள்தான் மனநிலையை ஆளுகின்றன என்ற எண்ணம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கிக் குடித்துவிட வேண்டாம், அளவு தப்பினால் ஆபத்து.

நம் ஊரில் இரண்டு தப்பான நம்பிக்கைகள் உயிரை வாங்குகின்றன. கோபப்படுகிறவனுக்குத்தான் பிரஷர் வரும் என்பது ஒன்று. சாந்தமான மனிதர், யாரையும் அதட்டிப் பேசாதவர், அவருக்கும் வரும். இன்னொன்று, டென்ஷன் இருக்கும்போது மாத்திரை போட்டால் போதும், மனசு நன்றாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்பது. மன அழுத்தம் பல காரணங்களில் ஒன்றுதான். பரம்பரை, வயது, உப்பு, உடல் எடை, சர்க்கரை, குடி எல்லாம் சேர்ந்தே இந்த நோய். படபடப்பு இல்லை, தலைவலி இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். சண்டை போட்டுவிட்டு ஓடிவந்து அளந்த ஒரு எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், வேறொரு நாள் மறுபடி பாருங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடத்தில் பெரிய காரியம் செய்திருக்கிறது. கிராமத்துப் பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். தஞ்சாவூர் மாவட்டத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய பலருக்கு இது வரம். ஆனால் வீடு தேடி வருகிறவர், வீட்டில் ஆள் இல்லாத வாரங்களில் என்ன செய்வார்? அறுவடை வாரங்களில் டெல்டாவின் ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை. அவர்கள் கொள்முதல் நிலைய வாசலில், சாலையோரத்தில், நெல்லோடு படுத்திருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன். குறுவை நெல் வரும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா நெல் வரும் தை, மாசியிலும் அந்தத் தன்னார்வலர்களை நெல் குவியல்களுக்கே அனுப்பலாம். ஈரப்பதம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை, ஒரு பிரஷர் கருவி, ஒரு பெட்டி மாத்திரை. செலவு அதிகமில்லை. சீசன் தொடங்கும் முன்பே பழைய நோயாளிகளுக்குக் கூடுதலாக ஒரு மாதத்து மாத்திரையைக் கொடுத்து, இதைத் துண்டில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள் அய்யா என்று சொல்லி அனுப்பலாம். தூக்கம் வராமல் தவிப்பவருக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அங்கேயே எழுதி ஒட்டலாம். ராத்திரியிலும் அங்கே பேச ஆள் இருக்கிறார்கள், காசு இல்லை.

அதோடு, நெல் போட்டவருக்கு எந்தத் தேதியில் பணம் ஏறும், காப்பீட்டுத் தொகை எந்த மாதம் வரும், கடைமடைக்கு எந்த முறையில் எப்போது தண்ணீர் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி செய்வதும் ரத்தக் கொதிப்புக்கான வைத்தியமே. வாய்மொழிக் குத்தகைக்காரரைக் காப்பீட்டிலும் நிவாரணத்திலும் சேர்ப்பதும் அப்படித்தான். இவையெல்லாம் வேளாண்மைத் துறையின் வேலை, இதில் சுகாதாரத் துறைக்கு என்ன என்று கேட்பார்கள். வயலில் ஒருவர் விழுந்து இறந்தால், கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அறிக்கையில் அவருக்கு எவ்வளவு கடன், எத்தனை நாள் தூங்கவில்லை, கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டார் என்ற மூன்று கேள்விகளையும் சேர்க்கட்டும். இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பதில்களைப் படிக்கட்டும்.